தழைக்கல்லுக்கு எதிரே இருந்த கேமரா

எங்கள் அட்டவணையில் ஒரு பத்தி உண்டு. அதன் தலைப்பு "மனிதத் தொந்தரவு". அந்த இரண்டு சொற்களை எங்கே பார்த்தாலும் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலை சூடேறுகிறது. அந்தத் தலைப்பை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. ஆனால் அதற்குக் கீழே வரிவரியாக நிரப்பியவள் நான்தான். ஆகவே இந்தக் கோபத்தில் பாதி எனக்கே சேர வேண்டியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கடத்தூர்ப் பக்கம். விலங்கியல் படித்தேன். படிப்பு முடிந்ததும் ஒரு காட்டுயிர் அமைப்பில் ஒப்பந்த வேலை கிடைத்தது. மாரண்டஹள்ளியில் ஒரு தக்காளி மண்டிக்கு மேலே அறை கொடுத்தார்கள். கீழே பிளாஸ்டிக் பெட்டி பெட்டியாகத் தக்காளி லாரியில் ஏறிக்கொண்டிருக்கும், மேலே நான் லேப்டாப்பில் சிறுத்தையைத் தேடிக்கொண்டிருப்பேன். காட்டில் தானியங்கி கேமராக்களைக் கட்டுவதும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் அதன் மெமரி கார்டை எடுத்து வருவதும், படம் படமாகப் பார்த்து எதில் என்ன உயிர் இருக்கிறது என்று எழுதுவதும்தான் வேலை. என் பெரியம்மா இன்றுவரை நான் ஏதோ ஃபோட்டோ ஸ்டுடியோவில் இருப்பதாகத்தான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கேமராவுக்குப் புத்தி கிடையாது. முன்னால் சூடுள்ள ஏதாவது அசைந்தால் சட்டென்று மூன்று படம் எடுக்கும். அசைவு நின்றால் சும்மா இருக்கும், மறுபடி அசைந்தால் மறுபடி மூன்று. வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலும் எடுத்துத் தள்ளும். முழங்கால் உயரத்தில் மரத்தோடு பட்டை போட்டு இறுக்கிக் கட்டுவோம். ஈரம் ஏறாமல் இருக்க உள்ளே சிறு சிலிக்கா பொட்டலம் வைப்போம். அப்படியும் எறும்பு குடியேறிவிடும். ஒருமுறை யானை ஒன்று கேமராவைப் பிடுங்கி மிதித்துவிட்டுப் போனது. கார்டு மட்டும் பிழைத்தது. அதில் கடைசிப் படம் முழுக்க ஒரு பாதம். அந்தப் படத்தை அலுவலகத்தில் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

யானை விஷயத்தில் எங்களுக்கு ஒரு விதி இருந்தது. எல்லா விலங்குக்கும் அதே விதிதான். ஒரு கூட்டம் கேமரா முன்னால் நின்று முதுகு சொறிந்துகொண்டிருந்தால் நூற்றுக்கணக்கில் படம் விழும். அத்தனையையும் எண்ணினால் தர்மபுரிக் காட்டில் ஆப்பிரிக்காவை விட அதிக யானை இருப்பதாகக் கணக்கு வரும். அதனால், அரைமணி நேரத்துக்குள் ஒரே இடத்தில் விழுந்த ஒரே விலங்கின் படங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே வருகை. முயலுக்கும் அப்படித்தான், முள்ளம்பன்றிக்கும் அப்படித்தான். விலங்குகளிடம் நாங்கள் அவ்வளவு நியாயமாக நடந்துகொண்டோம்.

நான் சொல்ல வந்த கேமரா, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரை ஒட்டிக் காடு தொடங்கும் இடத்தில் இருந்தது. அங்கே இரண்டு பாறைகளுக்கு நடுவே தடம் குறுகிப் போகும். விலங்கானாலும் மனிதரானாலும் அந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். சிறுத்தையின் எச்சம் கிடந்தது, கரடி பிறாண்டிய மரம் இருந்தது. கேமரா கட்ட அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? அங்கே தடத்தின் ஓரமாக ஒரு கல்லும் இருந்தது. கல்லின் மேல் பச்சையும் காய்ந்ததுமாகத் தழைக் குவியல். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கேமராவின் கண்ணை மறைக்காமல் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொண்டேன்.

அந்த ஊர்ப் பெண்கள் துடைப்பம் கட்டும் சீமாற்றுப் புல்லுக்கும் புளிக்கும் அந்த வழியாகத்தான் காட்டுக்குள் போவார்கள். பதினோரு பேர். அவர்கள் அப்படிப் போய்வர அனுமதி உண்டு, யாரும் எழுதிக் கொடுத்ததல்ல, ஆனால் யாரும் மறுத்ததுமில்லை. காட்டுக்குள் நுழையும் ஒவ்வொருத்தியும் ஒரு கொத்துத் தழை ஒடித்து அந்தக் கல்லின் மேல் போட வேண்டும். போட்டுவிட்டு, பின்னால் வருகிறவர்களும் போட்டு முடிக்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். கடைசி ஆள் போட்ட பிறகுதான் எல்லோரும் சேர்ந்து நகர்வார்கள். திரும்பி வரும்போதும் அப்படியே, எல்லோரும் வந்து சேர்ந்தார்களா என்று கல்லுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் போவார்கள். யானைக் காட்டில் ஆள் விட்டுப் போகாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கல்லுக்கு நேரெதிரே என் கேமரா இருந்தது. அவர்கள் நிற்பார்கள், உட்காருவார்கள், வெற்றிலை மடிப்பார்கள், கால் முள்ளைப் பிடுங்குவார்கள். அது ஒவ்வொரு அசைவுக்கும் மும்மூன்றாக எடுத்துக்கொண்டே இருக்கும்.

அந்தப் பதினோரு பேரில் ஒரு அக்காதான் எங்களுக்குத் தடம் காட்டியவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தார். காலையில் அவரைத் துடைத்துப் படுக்க வைத்துவிட்டு அக்கா காட்டுக்குப் போவார், உச்சிவெயிலுக்குள் திரும்பி வந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். மற்ற வேலை எதற்குப் போனாலும் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்ப முடியும். காடு ஒன்றுதான் அவரை மத்தியானத்துக்குள் விட்டது. இதை அவர் புலம்பலாகச் சொல்லவில்லை. ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறீர்கள் என்று மூச்சு வாங்கிக்கொண்டே நான் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார்.

முதல் மாதம் என்னை மேடம் என்றார், பிறகு பாப்பா என்றார். கேமராவைப் "பொட்டி" என்பார். ஒருநாள் கார்டு மாற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் குந்திக் கேட்டார்.

"பாப்பா, இந்தப் பொட்டி எங்களயும் புடிக்குமா?"

புடிக்கும் என்றேன். அவர் முகம் சுருங்கியது. காட்டுக்குள் போகும்போது சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போகிறோம், ஒதுங்குகிறோம், இதையெல்லாம் ஆம்பளைகள் உட்கார்ந்து பார்ப்பார்களா என்று கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கார்டை நான் மட்டும்தான் பார்ப்பேன், பெண்கள் இருக்கும் படத்தை எல்லாம் அன்றன்றே அழித்துவிடுவேன் என்று சத்தியம் செய்தேன். அவர் அதை மற்ற பத்துப் பேரிடமும் சொன்னார். மறுநாளிலிருந்து அவர்கள் கேமராவைக் கண்டு ஒதுங்கி நடப்பதை விட்டுவிட்டார்கள்.

சத்தியத்தைக் காப்பாற்றினேன். படத்தை அழித்தேன். ஆனால் அழிப்பதற்கு முன்னால், எங்கள் முறைப்படி, படத்துக்கு ஒரு வரியாகத் தேதி, நேரம், "மனிதர்" என்று அட்டவணையில் எழுதினேன். படம் போனது, வரி இருந்தது. அரைமணி விதியை விலங்குகளுக்கு மட்டும்தான் போட்டிருந்தோம். மனிதருக்கு ஏன் போடவில்லை என்றால், மனிதரை எண்ண வேண்டும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. எண்ணப் போவதில்லை என்று நினைத்துத்தான் எழுதிக்கொண்டே போனேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் காட்டிலிருந்து கம்பி கொண்டுவருவார்கள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சில ஆட்கள் வந்து காட்டுப்பன்றிக்குச் சுருக்கு வைத்துவிட்டுப் போவார்கள். பைக்கின் கிளட்ச் வயர்தான் சுருக்கு. பன்றிக்கு வைத்தது மானையும் பிடிக்கும், கரடியையும் பிடிக்கும், புல் அறுக்கிறவளின் காலையும் பிடிக்கும். அதனால் பெண்கள் கண்ணில் பட்டதையெல்லாம் அவிழ்த்து எடுத்துவந்துவிடுவார்கள். அக்கா அவற்றை என்னிடம் கொடுப்பார். படிக்கட்டுக்கு அடியில் ஒரு கோணியில் போட்டு வைத்தேன். அட்டவணையில் அதை எழுத இடம் தேடினேன். "மனிதத் தொந்தரவு" என்று ஒரு பத்தி இருந்ததே தவிர, மனிதர் செய்த உதவி என்று ஒரு பத்தி இல்லை. நானும் ஒன்றைச் சேர்க்கவில்லை.

வருட முடிவில் வனத்துறைக்குக் கொடுக்கும் அறிக்கை தயாரானது. எங்கள் திட்டத் தலைவர் நகரத்தில் இருந்தார், மாதம் ஒருமுறை வருவார். என் அட்டவணையை அப்படியே கணினியில் கொட்டி வரைபடம் போட்டிருந்தார். விலங்கு வந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளி, மனிதர் வந்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. எண்ணிக்கைக்குத் தக்கபடி புள்ளி பெரிதாகும். தழைக்கல் இருந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்துப் பச்சையையெல்லாம் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திருவிழாக் கூட்டம் போகும் பாதையோ என்று அறிக்கையைக் காட்டிய அறையில் ஒருவர் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவருக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். அந்த அறையில் அத்தனை பேரும் படித்தவர்கள், ஒருவருக்கும் அந்த மதி வரவில்லை. எனக்கும் வரவில்லை. என் கண்ணும் ஓரத்தில் இருந்த ஒரு சிறுத்தைப் புள்ளியின் மேல்தான் இருந்தது.

இரண்டு மாதத்தில் வனத்துறையினர் தடத்தை அடைத்தார்கள். பாறை இடுக்குக்கு முன்னால் பொக்லைன் வந்து குழி வெட்டியது. "அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்" என்று பலகை வைத்தார்கள். கேமராவுக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை, அது அதே மரத்தில் இருந்தது.

அக்கா மண்டி மாடிக்கு ஏறி வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததில்லை. கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"ஆயிரக்கணக்குல ஆளுங்க போறாங்கன்னு சொல்றாங்களே, அது யாருங்க மேடம்? நாங்க பதினோரு பேருதான?"

மறுபடி என்னை மேடம் என்று கூப்பிட்டது சுருக்கென்று தைத்தது. அவர் போன பிறகு அட்டவணையைத் திறந்தேன். ஒரு காலைப்பொழுதின் வரிகளை மட்டும் பார்த்தேன். ஒரே நிமிடத்தில் மூன்று, அடுத்த நிமிடத்தில் ஆறு, பிறகு மூன்று, பிறகு ஒன்பது. பதினோரு பெண்கள் தழை போட்டுவிட்டு ஒருத்திக்காக ஒருத்தி காத்து நின்ற நேரம் அது. அந்தக் காத்திருப்பை ஒரு படைபோல எழுதி வைத்திருந்தேன். யானை முதுகு சொறிந்தால் ஒன்று, அக்கா முள் பிடுங்கினால் பன்னிரண்டு. இந்த அநியாயம் என் கையெழுத்தில் நடந்திருந்தது.

அரைமணி விதியை மனிதருக்கும் போட்டு முழுவதையும் திரும்ப எண்ணினேன். சிவப்புப் புள்ளி சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியது. தலைவருக்கு அனுப்பினேன், தொலைபேசியில் மன்றாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிச்சல். அறிக்கை போய்விட்டது என்றார். நேரத்தை மட்டும் வைத்து அவர்கள் ஒரே பெண்கள்தான் என்று எப்படிச் சொல்வது, பின்னாலேயே வேறு ஆட்கள் வந்திருக்கலாமே, அவர்கள் புல்தான் சுமந்தார்கள் என்பதற்கு என்ன சாட்சி என்றார். படம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, அழித்துவிட்டேன். அவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, அவர்களுக்கு இருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே அழித்திருந்தேன். நல்லது செய்யப் போய் இப்படியும் ஒருத்தி குடியைக் கெடுக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கோணியில் இருந்த கம்பிகளைப் பற்றிச் சொன்னேன். அவை எங்கிருந்து வந்தன என்பதற்குப் பதிவு இல்லையே என்றார். அதுவும் உண்மைதான். போனை வைத்துவிட்டு அழுதேன், அழுதது துக்கத்தில் இல்லை.

அடுத்த மாதங்களில் பெண்கள் தக்காளித் தோட்டங்களுக்கும் பூப் பறிக்கவும் போனார்கள். அக்காவால் எல்லா நாளும் போக முடியவில்லை. போன நாட்களில் வீட்டுக்காரரின் முதுகில் புண் வந்தது. இதற்கிடையே கேமராவிலிருந்து கார்டுகள் வந்துகொண்டிருந்தன. "மனிதத் தொந்தரவு" பத்தி காலியாக இருந்தது. அதைப் பார்த்துத் தலைவர் மகிழ்ச்சி தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பினார். அதே கார்டில் ஒரு பெண் புள்ளிமான் இருந்தது. பின்னங்காலில் கிளட்ச் வயர் இறங்கி, கால் வீங்கி, அதைத் தரையில் ஊன்றாமல் தழைக்கல்லைத் தாண்டிப் போனது. மூன்று படம். விதிப்படி ஒரு வருகை. அடுத்த கார்டில் இடுப்பில் கம்பியோடு ஒரு கரடி. அதுவும் ஒரு வருகை, அதுவும் பச்சைப் புள்ளி. காட்டில் கம்பி பொறுக்கிய பதினோரு பேரைத் துரத்திவிட்டு, விலங்குகள் அடிபடுவதைத் துல்லியமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கின கதைதான்.

பிறகு ஒரு கார்டில் அக்கா வந்தார்.

குழியைத் தாண்டி எப்படி வந்தார் என்று தெரியவில்லை. சேலையை இழுத்துச் சரியாகப் போர்த்தியிருந்தார். கல்லின் மேல் தழை இருந்தது. கேமராவுக்கு முன்னால் மண்டியிட்டு, கண்ணாடியை நேராகப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையிலும் சுருக்குக் கம்பிகளைக் கொத்தாகத் தூக்கிப் பிடித்திருந்தார். மூன்று படத்திலும் கண் இமைக்கவில்லை. பொட்டியிடம் பேசினால் நான் கேட்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் திண்டாடினேன். கொடுத்தால், கம்பியை எடுப்பவர்கள் இந்தப் பெண்கள்தான் என்பதற்குச் சாட்சி. அதே படம், அடைத்த தடத்தில் அவர் அத்துமீறி நுழைந்ததற்கும் சாட்சி. அழித்தால் அவருக்கு ஆபத்தில்லை, ஆனால் தடமும் இல்லை. ஒருமுறை அவரைக் கேட்காமல் அழித்துத்தான் இந்தக் கதிக்குக் கொண்டுவந்திருந்தேன். இந்தமுறை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். அவர் வீட்டுக்காரருக்கு முதுகில் மருந்து வைத்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து படத்தைப் பார்த்தார். யானைக்கு ஒன்றென்றும் அவர்களுக்கு மும்மூன்றென்றும் எண்ணிய கதையை மறைக்காமல் சொன்னேன். இதைக் கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள் என்றேன்.

"எம் மூஞ்சி நல்லாத் தெரியுதுல்ல? அப்பக் குடு பாப்பா. இதயாச்சும் அழிக்காத."

மறுபடி பாப்பா என்றார். தலைவரிடம் கேட்காமல், படத்தையும் படிக்கட்டுக்கு அடியில் இருந்த கோணியையும் எடுத்துக்கொண்டு நேராக வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன். அதற்காக என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமே கிடையாது.

ஒரு வாரத்தில் அக்காவுக்கு அழைப்பு வந்தது. நானும் கூடப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி. மேசை மேல் அக்காவின் படங்கள், தாளில் அச்செடுத்து வரிசையாக மூன்று. கோணி சுவரோரமாகக் கிடந்தது, யாரும் கட்டை அவிழ்த்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த பதிவேட்டில் அக்காவின் பெயருக்கு எதிரே அத்துமீறல் மூன்று முறை என்று ஏற்கனவே எழுதியிருந்தது. கையெழுத்துக்கு இடம் விட்டு ஒரு எழுத்தர் பேனாவை நீட்டினார். எனக்கு ரத்தம் கொதித்தது, வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அவர் மூன்று தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். விளிம்பைத் தட்டிச் சரிசெய்தார். அதிகாரிக்கு முன்னால் தள்ளி வைத்தார்.

"போனது தப்புன்னா கையெழுத்துப் போடறனுங்க. ஆனா ஒருத்திதான் போனேன், ஒரு தடவதான் போனேன். யானைக்கு ஒண்ணுன்னு எழுதறீங்களாமா. எனக்கும் ஒண்ணுன்னே எழுதிக்கங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். படத்தின் மூலையில் இருக்கும் நேரத்தைக் காட்டினேன். மூன்றும் ஒரு நொடிக்கும் அடுத்த நொடிக்கும் நடுவே எடுத்தவை. அவர் குனிந்து மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கோணியின் கட்டை அவிழ்த்து, கையை விட்டு ஒரு பிடி கம்பியை வெளியே இழுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்து, பதிவேட்டில் மூன்றை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். தடத்தைத் திறப்பது பற்றி மேலே எழுதுவதாகச் சொன்னார். எழுதினாரோ என்னவோ, அந்தக் குழி இன்னும் மூடவில்லை. அக்கா அவர் திருத்தியதை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, மத்தியானம் ஆகிவிட்டது, வீட்டுக்காரரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எழுந்து வேகமாக நடந்தார்.